வீட்டு முயல் கூண்டு: எடைக்கா, நிறத்துக்கா?

மார்த்தாண்டம்_மாடி:
மாடியில ஓலைக் கொட்டகைக்கு அடியில நாலு கூண்டு வைக்கப் போறேன். ஒரு ஆண், மூணு பெண். நியூசிலாந்து வெள்ளை எடுக்கவா, சாம்பல் நிறத்துல வர்ற சோவியத் சின்சில்லா எடுக்கவா? கறிக்கும் ஆகணும். ஆனா விசாரிக்கிறவங்க பாதிப்பேரு நிறக்குட்டிதான் கேக்குறாங்க.

குலசேகரம்_கூண்டு:
வெள்ளை எடுங்க தம்பி. 90 நாளில் 2 கிலோ வருதா இல்லையா, அதுதான் கணக்கு. உரிச்சபிறகு பாதிக்குக் கொஞ்சம் மேல கறி நிக்கும். சாம்பல், கறுப்பு முயலை உரிக்கும்போது இறைச்சியில ஒட்டுற முடி பளிச்சுன்னு தெரியும். வெள்ளை முடி அப்படிக் கண்ணை உறுத்தாது. நிறத்தைப் பாத்துத் தாய் முயல் பொறுக்கினா மூணாவது தலைமுறையில எடை விழும்.

தக்கலை_நிறமுயல்:
அண்ணாச்சி, நிறம் எடையைக் குறைக்கும்னு யாரு சொன்னா? சின்சில்லாவும் வளந்தா 4 கிலோ வரும். நிறக்குட்டி 45 நாளில் கை மாறிரும். அதுக்குப் பிறகுதான் குட்டி தீவனத்தை வெட்டி முழுங்கும். அந்தச் செலவு மொத்தமும் மிச்சம். வெள்ளைக் குட்டியை 90 நாள் வரைக்கும் நீங்கதான் சுமக்கணும்.

குலசேகரம்_கூண்டு:
நிறம் குறைக்காது, நம்ம கைதான் குறைக்கும். ஈத்துக்கு 6, 7 குட்டி. பாதி பெண். அதுல நல்ல நிறம் ஒண்ணு, 1.6 கிலோ. பக்கத்துல 2.1 கிலோவுக்கு ஒரு வெள்ளைப் பெண். அக்கா எதைத் தாய்க்கு வைப்பீங்க? நிறத்தை. அடுத்த வருசம் அதே ஆணுக்கு, அதாவது அப்பனுக்கே, சேத்துவிடுவீங்க. பிறகு ஈத்துக்கு 4 குட்டி, அதுல ஒண்ணு சாவும். பழி நிறத்து மேல. மூணு பெண்ணை வச்சுக்கிட்டு ரெண்டு குணத்துக்குப் பொறுக்க முடியாது. அவ்வளவுதான் என் வாதம்.

திருவட்டார்_மருந்துப்பெட்டி:
ரெண்டுபேரும் விட்ட ஒரு விஷயம்: நியூசிலாந்து வெள்ளை ஒரு நிறமே இல்லை, போர்வை. நிறத்தையே வரவிடாத அல்பினோ ஜீன் ரெண்டு சேந்தா அடியில இருக்கிற கறுப்பு, புள்ளி, நீலம் எல்லாத்தையும் மூடிரும். கண் சிவப்பா இருக்கிறதும் அதனாலதான். இந்த ஜீன் வரிசையில ரெண்டு வேற வேற சேந்தா மேலே இருக்கிறதுதான் வெளியில தெரியும்: முழுநிறம் மேலே, அதுக்குக் கீழே சின்சில்லா, பிறகு ஹிமாலயன் (வெள்ளை உடம்பு, மூக்கும் காதும் காலும் மட்டும் கறுப்பு), கடைசியில அல்பினோ. வெள்ளைக்கு வெள்ளை சேத்தா நூத்துக்கு நூறு வெள்ளை. கலப்பில்லாத சின்சில்லா ஆணை வெள்ளைப் பெண்ணுக்குச் சேத்தா முதல் ஈத்துல வெள்ளையே விழாது; பெண்ணுக்கு அடியில புள்ளி ஒளிஞ்சிருக்கலேன்னா முழுக்கச் சின்சில்லா நிறம். அந்தக் குட்டிகளைத் தங்களுக்குள்ளேயே சேத்தா நாலுக்கு ஒண்ணு வெள்ளை. திரும்ப வெள்ளைக்குச் சேத்தா பாதிக்குப் பாதி. முதல் ஈத்துலேயே வெள்ளை விழுந்தா உங்க ஆண் கலப்பு. வித்தவர் சொன்னது பொய்.

பிறந்த அன்னிக்கே கண்டுபிடிச்சிரலாம். வெள்ளையாகப் போற குட்டி முழுக்க இளஞ்சிவப்பா, கண்ணு மூடியிருந்தாலும் இமைக்கு அடியில கருமை இல்லாம இருக்கும். சின்சில்லா முதுகுத் தோல் ஈயச் சாம்பல். நாலஞ்சு நாள் கழிச்சுக் காதைத் திருப்பிப் பாருங்க. உட்காதும் வயிறும் வெளுத்திருந்தா சின்சில்லா வரி வரும். உட்காதும் கறுத்திருந்தா ஒரே கருநிறமாத்தான் வளரும், சாம்பல் மினுப்பை எதிர்பாக்காதீங்க.

தக்கலை_நிறமுயல்:
அப்போ என் பக்கம்தான் வழி இருக்கு. சின்சில்லா ஆண் ஒண்ணு, வெள்ளைப் பெண் மூணு. குட்டி எல்லாம் நிறம். 45 நாளில் கேட்டவங்களுக்குக் கொடுத்துட்டு மிச்சத்தைக் கறிக்கு வளக்கலாம். ரெண்டு இனம் கலந்த குட்டிக்கு வளர்ச்சியும் நல்லா இருக்கும். புள்ளி முயல் வேணும்னா அதுக்குத் தனி ஆண்.

குலசேகரம்_கூண்டு:
இதுக்கு நான் ஒத்துக்கிறேன், ஆனா கலப்புக் குட்டியில ஒண்ணைக்கூடத் தாய்க்கு வைக்கக்கூடாது. தாய் முயலை வெளியில இருந்து வெள்ளையாவே வாங்கணும். அந்தக் கட்டுப்பாடு யாருக்கு வருது?

திருவட்டார்_மருந்துப்பெட்டி:
புள்ளிக்குப் புள்ளி மட்டும் சேக்காதீங்க. நாலுக்கு ஒரு குட்டி கிட்டத்தட்ட வெள்ளையா, மூக்கிலும் காதிலும் மட்டும் கறையோட பிறக்கும். அதுக்குப் பெருங்குடல் வீங்குற கோளாறு வரும். தின்னும், உடம்பு தேறாது. புள்ளியை ஒரே நிற முயலுக்குத்தான் சேக்கணும். பாதி புள்ளியா வரும்.

பூதப்பாண்டி_பிரபு:
வனத்துறை பிடிக்காதா?

குலசேகரம்_கூண்டு:
1972 வனவுயிர்ச் சட்டம் காட்டு முயலுக்கு. கூண்டு முயல் வேற சாதி.

மார்த்தாண்டம்_மாடி:
மன்னவனூர் ஆராய்ச்சி மையத்துல சின்சில்லா கிடைக்குமாமே, அங்க இருந்து ஆணைக் கொண்டுவரலாமா?

குலசேகரம்_கூண்டு:
நல்ல ரத்தம்தான். ஆனா அது கொடைக்கானல் மலைக் குளிரு. நம்ம மாடி வெயிலுக்கு மார்ச்சில கொண்டுவந்தா ஆண் படுத்துரும். 30 டிகிரிக்கு மேல தொடர்ந்து போனா விந்து கெடும். குளிர்ந்த பிறகும் சரியாக ரெண்டு மாசம் வரை ஆகும். ஜூன் மழை பிடிச்ச பிறகு வாங்குங்க. எப்பவும் விடியக்காலையில சேருங்க. பெண்ணை ஆண் கூண்டுக்குத்தான் கொண்டுபோகணும். மாத்திச் செஞ்சா அது ஆணைக் கடிச்சுவிடும்.

தக்கலை_நிறமுயல்:
மழையிலதான் நம்ம ஊருல குட்டி அதிகம் சாவுது அண்ணாச்சி. தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டும் நமக்கு உண்டே. ஈரத் தழையை அப்படியே போட்டா வயிறு உப்பும். அறுத்து ஒரு பகல் நிழலில் வாட்டிப் போடுங்க: முருங்கை, அகத்தி, பலா, வேலிமசால். சுத்தி மரச்சீனியும் (மரவள்ளி) ரப்பரும் நிக்குதேன்னு அந்த இலையை ஒடிச்சுப் போட்டிராதீங்க, ரெண்டுலயும் சயனைடு விஷம் உண்டு. சூபாபுல் (சவுண்டல்) தழை அதிகமானா முடி கொட்டும். நிறமுயல்னு வித்தது சொட்டை விழுந்து திரும்பி வரும்.

திருவட்டார்_மருந்துப்பெட்டி:
பால் மறந்த குட்டிக்குக் கழிச்சல் வந்தா பெரும்பாலும் ரத்தக் கழிச்சல் நோய். கம்பித் தரை காஞ்சு இருந்தாலே பாதி குறையும். காய்ச்சலுக்கு வீட்டுல இருக்கிற அமாக்ஸிசிலினை வாயில ஊத்தாதீங்க. குடல் கிருமிச் சமநிலை கெட்டு முயல் செத்துரும்.

மார்த்தாண்டம்_மாடி:
சரி, சின்சில்லா ஆண், வெள்ளைப் பெண். சினை பிடிச்சுதான்னு எப்படித் தெரியும்? குட்டிப் பெட்டியில தேங்காத் தும்பு போடலாமா?

குலசேகரம்_கூண்டு:
14ஆம் நாள் அடிவயித்தை மெதுவா விரலிடுக்கில் தடவுங்க. ஞாவல்பழம் மாதிரி உருண்டை வழுக்கி நழுவினா சினை. கெட்டியா, முதுகுப் பக்கம் வரிசையா இருந்தா அது புழுக்கை. 28ஆம் நாள் பெட்டி உள்ள போகணும், 31ஐ ஒட்டி ஈனும். நீளத் தும்பு வேண்டாம், குட்டி காலில் சுத்தி இறுக்கும். காஞ்ச வாழைச் சருகைக் கசக்கிப் போடுங்க, மேல தாயே தன் முடியைப் பிடுங்கி விரிக்கும். ரெண்டு பெண்ணை ஒரே நாளில் சேருங்க. ஒண்ணுக்கு 10 குட்டி, மத்ததுக்கு 4 வந்தா முதல் ரெண்டு நாளுக்குள்ள மாத்தி வைக்கலாம். எது எந்தத் தாய்க் குட்டின்னு காதுல மையால குறிச்சுக்குங்க. அக்கா மாதிரி ஆளுங்க பிறகு நிறத்தைப் பாத்துக் கணக்குச் சொல்ல வருவாங்க.

தக்கலை_நிறமுயல்:
மை கண்டிப்பா வேணும். அதுவும் மங்குறதுக்கு முன்னாடி அடிக்கடி புதுப்பிக்கணும், அண்ணாச்சி.