டக்டில் காற்றளவு பாதியாகக் காட்டுகிறது

கேள்வி (நாகர்கோவில்): 600×400 மி.மீ டக்ட் (காற்று போகும் பெட்டிக் குழாய்), காற்றின் வேக அழுத்தத்தைச் சராசரியாக எடுக்கும் பிட்டாட் குழாய், அந்த அழுத்தத்தை மின்னோட்டமாக மாற்றும் 0–100 பாஸ்கல் டிரான்ஸ்டியூசர் (சென்சார்), 4–20 மில்லிஆம்பியர். முழு வேகத்தில் கணக்கு சரி. ஃபேனைக் குறைத்து 8 மில்லிஆம்பியர் வரும்போது திரையில் மணிக்கு 2,800 கனமீட்டர். காற்று வேகம் அளக்கும் அனிமோமீட்டரில் பார்த்தால் சுமார் 5,570. சென்சார் போயிடுச்சா அண்ணே?

பதில் (தக்கலை): சென்சாரை மாத்தாதீங்க தம்பி. 8 மில்லிஆம்பியர்னா 25 பாஸ்கல். வேகம் 1.29 (காற்றோட அடர்த்தியில இருந்து வர்ற எண்) × 25-இன் வர்க்கமூலம், அதாவது நொடிக்கு 6.45 மீட்டர். டக்டோட பரப்பு 0.24 சதுர மீட்டராலயும், மணிக்கு மாத்த 3,600-ஆலயும் பெருக்குங்க, 5,570 வந்திடும். கன்ட்ரோலர் வர்க்கமூலம் போடாம அழுத்தத்தை அப்படியே காற்றளவா எடுக்குது. வர்க்கமூலத்தை ஒரே இடத்துல போடுங்க; கன்ட்ரோலர், டிரான்ஸ்டியூசர் ரெண்டுலயும் போட்டா கூடுதலா காட்டும்.

பதில் (குளச்சல்): அழுத்தமே இல்லாதப்போ சென்சார் ஜீரோ காட்டுதான்னும் பாருங்க. ஃபேனை நிறுத்தினா மட்டும் போதாது, கடல் காத்து டக்டுக்குள்ள ஏறும். டியூபுகளைக் கழற்றி, சென்சாரோட ரெண்டு போர்ட்டையும் ஒரே துண்டு டியூபால இணைங்க, 4.00 மில்லிஆம்பியர் வரணும். டியூப்ல ஈரம் இருந்தா சென்சாரைக் கழற்றாம ஊதாதீங்க, உள்ள இருக்கிற மெல்லிய தகடு (டயஃப்ரம்) கெட்டுடும்.