இறக்கத்தில் நிறுத்தினால் ரிவர்ஸா, ஃபர்ஸ்ட்டா?

கோத்தகிரி டாக்ஸி:
நேற்று ஒரு வீடியோ பார்த்தேன். புதிதாகக் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒருவர் சொல்லித்தருகிறாராம். "மலையில் நிறுத்தினால் வண்டி உருளாதபடி ஃபர்ஸ்ட் கியரில் விடுங்கள், ஏற்றமோ இறக்கமோ எல்லாம் ஒன்றுதான்" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 22 வருடமாக மேட்டுப்பாளையம் – கோத்தகிரி ரோட்டில் வண்டி ஓட்டுகிறேன். நிறுத்தின வண்டியின் மூக்கு மேலே பார்த்தால் ஃபர்ஸ்ட், மூக்கு கீழே பார்த்தால் ரிவர்ஸ். ஏன் என்று கேட்பீர்கள். காலையில் குளிரில் வீட்டுப் பையன் ஏறி, கிளட்ச் மிதிக்காமல் சாவியைத் திருப்புகிறான் என்று வையுங்கள். செல்ஃப் மோட்டார் மட்டுமே வண்டியை ஒரு குதி குதிக்க வைக்கும். ஃபர்ஸ்ட்டில் இருந்தால் பள்ளத்துப் பக்கம் குதிக்கும், ரிவர்ஸில் இருந்தால் மேட்டைப் பார்த்துப் பின்னால் குதிக்கும். எது வேண்டும் உங்களுக்கு?

கோவை பட்டறை:
அந்த வீடியோக்காரர் இறக்கத்துக்குச் சொன்னது சரிதான். மூக்கு கீழே பார்த்த வண்டியை ரிவர்ஸில் விட்டு, ஹேண்ட்பிரேக் நழுவினால் எஞ்சின் எதிர்த்திசையில் சுற்றும். டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கிற பல் வைத்த பெல்ட், இருக்கிற எஞ்சினில் அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் தளர்வான பக்கத்தில்தான் இருக்கும். எதிர்த்திசையில் இழுத்தால் அந்தப் பக்கம் விறைக்கும், பெல்ட் பல் தாண்ட வாய்ப்பு உண்டு. பட்டறை வைத்திருக்கிறவனுக்குத்தான் இந்த வலி தெரியும். இறக்கத்தில் ஃபர்ஸ்ட்தான்.

கோத்தகிரி டாக்ஸி:
சார், அப்படியானால் ஏற்றத்தில் ஃபர்ஸ்ட் போட்டு, வண்டி பின்னால் உருண்டாலும் எஞ்சின் எதிர்த்திசையில்தானே சுற்றும்? ஊரே ஏற்றத்தில் ஃபர்ஸ்ட்தான் போடுகிறது. எத்தனை பெல்ட் பல் தாண்டியது?

கோவை பட்டறை:
ஊரே செய்கிறது என்பதால் சரியாகிவிடுமா? என் கணக்கில் ஏற்றத்தில்தான் ரிவர்ஸ்.

கோத்தகிரி டாக்ஸி:
கேட்டுக்கொள்ளுங்கள் மக்களே. ஏற்றத்தில் ரிவர்ஸாம்! பின்னால் பள்ளம் இருக்க, சாவி திருப்பினதும் வண்டி பின்னால் குதிக்க வேண்டுமாம். இன்றைக்கு ஓடுகிற எத்தனையோ வண்டிகளில் பெல்ட்டே கிடையாது, செயின்தான். பெல்ட்டைக் காப்பாற்ற மனிதனைப் பள்ளத்தில் தள்ளுவீர்களா?

புது லைசென்ஸ்:
முதலில் ஒரு சந்தேகம். இறக்கம் என்று நீங்கள் சொல்வது ரோட்டையா, வண்டி பார்க்கிற திசையையா? அப்புறம், அடுத்த வாரம் குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறோம். தங்குகிற இடத்து வாசலே சரிவு. வண்டி ஆல்டோ. முதலில் ஹேண்ட்பிரேக்கா, கியரா?

கோத்தகிரி டாக்ஸி:
தம்பி, நல்ல கேள்வி கேட்டீர்கள். கால் பிரேக்கை மிதித்தபடியே நியூட்ரலுக்கு வாருங்கள். ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுங்கள். இப்போது காலை மெதுவாக எடுங்கள். வண்டி ஒரு விரற்கடை அசைந்து, ஹேண்ட்பிரேக்கில் உட்காரும். அந்த அசைவு கைக்குத் தெரியும். உட்கார்ந்த பிறகு திரும்பக் கால் பிரேக், எஞ்சின் ஆஃப், கடைசியில் கியர். முதலிலேயே கியர் போட்டுக் காலை எடுத்தால் மொத்த பாரமும் கியர் பற்களில் ஏறும். காலையில் கியரை எடுக்க முடியாமல் மல்லுக்கட்டுவீர்கள். ஆல்டோ முன்சக்கரத்தில் இழுக்கிற வண்டி. கியர் முன்சக்கரத்தைப் பிடிக்கும், ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தைப் பிடிக்கும், நாலு சக்கரமும் கட்டிப்போட்ட மாதிரி. பொலேரோ, சுமோ மாதிரி பின்சக்கர வண்டிகளில் இரண்டுமே அதே பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும், அதனால் டயருக்கு அண்டக் கொடுக்கக் கல் கட்டாயம். ஸ்டியரிங்கைப் பாறைப் பக்கம் ஒடித்து விடுங்கள். மூக்கு கீழே பார்த்தால் ரிவர்ஸ். ரிவர்ஸ்.

வால்பாறை பைக்:
கல் கட்டாயம் என்று சொன்னீர்களே, போகும்போது அதை எடுத்து ஓரமாகப் போடுங்கள் என்று ஏன் யாருமே சொல்வதில்லை? ஆழியாறிலிருந்து வால்பாறை வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவு. போன மழைக்காலத்தில் ஒரு வளைவு தாண்டினதும் நடுரோட்டில் தலை பெரிசு கல். யாரோ டயருக்கு வைத்துவிட்டு அப்படியே போயிருக்கிறார்கள். பனிமூட்டத்தில் தெரியவில்லை. விழுந்து மணிக்கட்டு உடைந்து ஆறு வாரம் கட்டு.

கோத்தகிரி டாக்ஸி:
வருத்தமாக இருக்கிறது தம்பி. ஆனால் டாக்ஸிக்காரன் கல்லை எடுக்காமல் போகமாட்டான். சமவெளியிலிருந்து சனி, ஞாயிறு வருகிறவர்கள் வேலை அது.

வால்பாறை பைக்:
நான் டாக்ஸி என்று சொல்லவே இல்லையே? உங்களுக்கு ஏன் குத்துகிறது? எடுக்காமல் போகிற டாக்ஸியையும் பார்த்திருக்கிறேன். லாரிக்காரர்கள் மரக்கட்டை வைத்து, கயிறு கட்டி, கிளம்பும்போது இழுத்துக்கொண்டு போகிறார்கள். அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

கோவை பட்டறை:
அதுதானே! 22 வருட அனுபவம் என்றால் கேள்வியே கேட்கக்கூடாது போலிருக்கிறது. ரிவர்ஸ், ரிவர்ஸ் என்று பத்து முறை சொன்னால் உண்மையாகிவிடாது.

சட்டம் பேசு:
இரண்டு பேருக்கும் ஒரு தகவல். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 126. ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ளவர் இல்லையென்றால் எஞ்சினை நிறுத்தி, பிரேக் போட்டு, இல்லாவிட்டால் வேறு வழியிலாவது, வண்டி தானாக நகராதபடி செய்திருக்க வேண்டும். எந்தக் கியர் என்று சட்டம் சொல்லவில்லை. பிரிட்டனின் ஹைவே கோட் சொல்கிறது, விதி 252. மேலே பார்த்தால் முன் கியர், கீழே பார்த்தால் ரிவர்ஸ்.

கோத்தகிரி டாக்ஸி:
பார்த்தீர்களா! அங்கேயும் நம்மைப் போல இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். ரிவர்ஸ்!

கோவை பட்டறை:
அங்கே ரோட்டோரம் கட்டுக்கல் இருக்கிறது, சக்கரம் அதில் முட்டி நிற்கும். ஊட்டிப் பக்கம் கல்லட்டி மலைரோட்டில் 36 வளைவில் எங்கே கட்டுக்கல் பார்த்தீர்கள்?

கோத்தகிரி டாக்ஸி:
கட்டுக்கல் இல்லாத இடத்தில்தான் கியர் இன்னும் முக்கியம். சின்ன கார்களில் ஃபர்ஸ்ட் கியரில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற, எஞ்சின் 14 சுற்றுக்குக் கிட்டத்தட்டச் சுற்ற வேண்டும். ரிவர்ஸும் ஏறக்குறைய அதேதான். டாப் கியரில் 3 சுற்றோடு சரி. அதனால் பிடி இரண்டிலும் ஒன்றே, ஆபத்துதான் வேறு. ஆனால் எஞ்சினையே நம்பி விடாதீர்கள். என் பழைய வண்டி எஞ்சினில் பிஸ்டன் ரிங் தேய்ந்து கிடந்த காலத்தில், கேபிள் தளர்ந்த ஹேண்ட்பிரேக்கோடு நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். "டுக்" என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "டுக்". கம்ப்ரஷன், அதாவது எஞ்சினுக்குள் அடைபட்டு வண்டியைப் பிடித்து வைக்கிற காற்று, கசியக் கசிய வண்டி ஒவ்வொரு சாணாக இறங்கிக்கொண்டிருந்தது. டீயைப் போட்டுவிட்டு ஓடினேன். அன்றைக்கும் ரிவர்ஸில்தான் இருந்தது, அதனால்தான் பயமில்லாமல் ஏறி ஸ்டார்ட் செய்தேன்.

கோவை பட்டறை:
கிளட்சை மிதித்துத்தானே ஸ்டார்ட் செய்தீர்கள்? மிதித்தால் எந்தக் கியராக இருந்தால் என்ன? உங்கள் கதையே உங்கள் வாதத்துக்கு உதவவில்லை. ரிங் தேய்ந்த வண்டியில் பயணிகளை ஏற்றினீர்கள் என்பதுதான் தெரிகிறது.

கோத்தகிரி டாக்ஸி:
பயணிகளைப் பற்றி நீங்கள் பேசாதீர்கள். போன மாதம் இதே இடத்தில் "நியூட்ரலில் இறங்கினால் டீசல் மிச்சம்" என்று எழுதின ஆள்தானே நீங்கள்? மறக்கவில்லை. கியரில் இறங்கும்போது இன்றைய எஞ்சின் டீசலையே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குக் குடிக்கும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது தனி. அதை இன்னும் திருத்தவில்லை நீங்கள்.

கோவை பட்டறை:
நான் எழுதியது பழைய பம்ப் டீசலுக்கு. முழுசாகப் படிக்காமல் சண்டைக்கு வருவது உங்கள் வழக்கம்.

கோத்தகிரி டாக்ஸி:
பழைய டீசலா? சரி, அதற்கே வருகிறேன். எஞ்சினை நிறுத்த ஸ்டாப் நாப் என்கிற குமிழை இழுக்கிற பழைய டீசலில், நாப் சரியாக நிற்காமல், மூக்கு கீழே பார்த்து ஃபர்ஸ்ட்டில் உருண்டால் என்ன ஆகும்? தள்ளி ஸ்டார்ட் செய்கிற அதே திசை. எஞ்சின் பிடித்துக்கொண்டால் ஆளில்லாத வண்டி ஓடும்.

வால்பாறை பைக்:
கல்லைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை. எனக்கு இன்னும் மழை வந்தால் மணிக்கட்டு வலிக்கிறது.

புது லைசென்ஸ்:
அண்ணே, விடுதியில் வண்டியைக் குறுக்காக நிறுத்தச் சொல்வார்களாம். அப்போது எந்தக் கியர்?

கோவை பட்டறை:
ஞாயிற்றுக்கிழமை பல் தாண்டின பெல்ட் ஒன்றைப் படம் எடுத்துப் போடுகிறேன். அதற்குப் பிறகு பேசுங்கள்.

கோத்தகிரி டாக்ஸி:
போடுங்கள். அந்த வண்டி எந்த மலையில், எந்தக் கியரில் நின்றது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். பெல்ட் மாற்றாமல் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்டின வண்டியைக் காட்டி என்னை ஏமாற்ற முடியாது. மூக்கு கீழே பார்த்தால் ரிவர்ஸ்தான்.