நீலக்குறிஞ்சி என்று நினைத்துப் பார்த்தது வேறு குறிஞ்சியாக இருந்த அனுபவம் உண்டா?

வத்தலக்குண்டு வாசகி:
2018 செப்டம்பர், கொடைக்கானல். 2006-இல் அப்பாவுக்கு உடம்பு முடியாததால் அம்மாவால் போக முடியவில்லை, இந்தத் தடவை விட்டால் 2030 தான் என்று எழுபத்தோரு வயதில் கிளம்பி வந்தார். தூறல், பின்னால் வண்டி வரிசை, எங்கேயும் நிறுத்த இடமில்லை. கடைசியில் சோலைக்காட்டு ஓரமாக இடம் கிடைத்தது. அங்கே என் தலையைத் தாண்டிய உயரத்தில் ஒரு புதர், நிறைய ஊதாப்பூ. இதுதாம்மா என்றேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். போன மாதம் தாவரவியல் படிக்கும் என் அண்ணன் மகன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "அத்தை, இது ஸ்ட்ரோபிலாந்தஸ்தான், ஆனா குந்தியானா இல்ல" என்கிறான். குறிஞ்சிப் பேரினம்தான், ஆனால் நீலக்குறிஞ்சி இல்லை என்று அர்த்தம். அம்மா இன்னமும் வருகிறவர்களிடமெல்லாம் குறிஞ்சி பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாட்டுங்காக்காரன்:
எனக்கு 2016-இல் போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில். சரிவு முழுக்க ஊதா. பம்பாயிலேயே குறிஞ்சி பூத்திருக்கிறது என்று ஊரில் பெரியப்பாவுக்குப் படம் அனுப்பிவிட்டேன். அங்கே ஓர் ஆதிவாசிப் பாட்டி "கார்வி, கார்வி" என்று திருத்திவிட்டு, என் கையைப் பிடித்துப் பூங்கொத்தில் வைத்தார். பிசின் மாதிரி ஒட்டியது. அதன் குச்சியில்தான் தட்டி கட்டி மண் பூசிச் சுவர் எழுப்புவார்களாம். எட்டு வருடத்துக்கு ஒருமுறை பூப்பது அது, 2024-இல் மறுபடி பூத்தபோது அந்தப் பிசினைத் தொட்டுப் பார்க்கவே போனேன்.

உயரமலை:
நான் 2018-இல் மூணாறு பக்கத்து இரவிகுளத்தில் பார்த்தேன், வெள்ளத்தில் பாலம் போய், சுற்றி நடந்து மேலே ஏறினால் வரையாடுகள் பூவுக்குள் நின்றன, அவ்வளவுதான் என் கதை. ஆனால் முதலில் எழுதிய சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும், இனிமேல் பூவை மட்டும் படம் எடுக்காதீர்கள், பூவை வைத்துப் பிரிப்பது ரொம்பக் கஷ்டம், ஊதாவும் மணி வடிவமும் இந்தப் பேரினத்தில் நிறைய இனங்களுக்கு உண்டு. செடி நிற்கும் இடத்தை எடுங்கள். நீலக்குறிஞ்சி திறந்த புல்மேட்டில் வெயிலும் காற்றும் படும்படி நிற்கும், பெரும்பாலும் முழங்காலிலிருந்து இடுப்பு வரைதான் உயரம். சோலை நிழலில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தது என்றாலே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இலைக்காம்பை எடுங்கள், இலையைத் திருப்பி நரம்பை எடுங்கள். மகாராஷ்டிராவின் காஸ் பீடபூமியில் கூடை கவிழ்த்த மாதிரி இருக்கும் தோப்லி கார்விக்கு இலைக்காம்பே கிடையாது, அது ஏழு வருடக் கணக்கு. நீலக்குறிஞ்சிக்குக் காம்பு உண்டு, இலை விளிம்பில் பல், நரம்புகள் எடுப்பாகத் தெரியும். தண்டையும் பாருங்கள், சங்கப் பாட்டில் கருங்கோற் குறிஞ்சி, கருத்த தண்டுள்ள குறிஞ்சி என்று சும்மாவா பாடினார்கள்? முக்கியமாக வருடத்தைப் பாருங்கள். 2006, 2018 தவிர வேறு வருடத்தில் பார்த்தேன் என்று யார் சொன்னாலும் அது வேறு செடிதான்.

தேனிப்பையன்:
அந்தக் கடைசி வரி தப்பு, உயரமலை. இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறை கள்ளிப்பாறை மேட்டில் 2022-இல் பூத்ததும் நீலக்குறிஞ்சிதான். பன்னிரண்டு வருடம் என்பது ஒரு கூட்டத்துக்கான கணக்கு. ஒவ்வொரு மலையின் கூட்டமும் ஒரே வருடத்தில் தொடங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. கருங்கோலும் அப்படியே, பாட்டில் வரும் ஒரு சொல்லை வைத்து இனம் பிரிக்க முடியாது. கள்ளிப்பாறையில் இலையைத் திருப்பிப் பார்க்கக் குனிந்தேன், பக்கத்தில் ஒருவர் குழந்தைக்கு விளையாடக் கை நிறையக் கிளை ஒடித்துக் கொடுத்தார். பூத்து, விதை விட்டு, அத்தோடு சாகிற செடி. அந்த விதைதான் அடுத்த பன்னிரண்டு வருடம். நான் வாயைத் திறக்கவே இல்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

உயரமலை:
கள்ளிப்பாறை சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே பூத்தது எல்லாமே குந்தியானா என்று ஒவ்வொரு செடியாகப் பார்த்தீர்களா?

தேனிப்பையன்:
நான் குனிந்து பார்த்த பத்துப் பன்னிரண்டு செடிக்குக் காம்பு இருந்தது, உயரம் என் முட்டிக்கு மேல் போகவில்லை. அதைத்தான் சொல்ல முடியும்.

வத்தலக்குண்டு வாசகி:
நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உயரமலை எழுதியதையும் படித்துக் காட்டினேன், புல்மேடு, முழங்கால் உயரம் எல்லாம். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார், "அன்னைக்கு வர்ற வழியில புல்லு மேட்டுல தாழக் கிடந்துச்சே நீலமா, நான் நிறுத்தச் சொன்னேன், பின்னால வண்டி வருதுன்னு நீ போயிட்டியே, அதுவா?"

ஆமாம் அம்மா என்றேன்.