ஞாயிற்றுக்கிழமை மல்லிகை மொட்டு திங்கட்கிழமை வரை நிற்காது. ஆராதனைக்கு எப்படிப் போவது?

வலையங்குளம் மல்லி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மனசு கனத்துப் போய் எழுதுகிறேன்.

குத்தகைக்கு அரை ஏக்கர் மல்லி வைத்திருக்கிறோம். இந்தத் தை மாதத்தில் ஒரு ஞாயிறுகூட நான் ஆலயத்துக்குப் போகவில்லை. மல்லி வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடியுமுன்னே செடிக்குள் இறங்கினால்தான் வெயில் ஏறுவதற்குள் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்க முடியும். அன்றைக்குப் பறிக்காத மொட்டு அன்று சாயங்காலமே மலர்ந்துவிடும். மலர்ந்த பூவுக்கு விலை கிடையாது. பனியில் விளைச்சல் குறைகிற இந்த மாதத்தில்தான் கிலோ ஆயிரத்தைத் தாண்டும். பல முகூர்த்தங்களும் ஞாயிற்றுக்கிழமையில் வரும். சித்திரை, வைகாசியில் செடி கொட்டிக் கொடுக்கும், ஆனால் பறிகூலிக்கே தேறாது. அதனால் வருஷத்துக்கான கடனை இந்த ஆறேழு வாரத்தில்தான் அடைக்க முடியும். குழுக் கடன் தவணை செவ்வாய்க்கிழமை தோறும்.

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் எங்கள் சபைப் பெரியவர் ஒருவர், "பூ பெரிசா, ஆண்டவர் பெரிசா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். பதில் சொல்ல முடியாமல் நின்றேன். நீங்களே சொல்லுங்கள், நான் செய்வது தப்பா?

பசுமலை ஆசிரியர்:
அம்மா, நாலு பேர் முன்னால் அப்படிக் கேட்டது தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் கேள்வி தவறில்லை.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து மன்னா என்கிற உணவு விழுந்தபோதும் இதே கதைதான். மறுநாளைக்கு வைத்தால் பூச்சி பிடித்து நாறும். அப்படிப்பட்ட உணவைக் கொடுத்துக்கொண்டேதான் ஆண்டவர், ஏழாம் நாள் பொறுக்கப் போகாதே என்றார். போனவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று யாத்திராகமம் 16-ல் இருக்கிறது. "முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்" என்பதில் அந்த 'முதலாவது' என்கிற சொல்லை நம் வசதிக்கு நகர்த்த முடியாது.

நாற்பது வருஷமாகச் சபையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரும் விசுவாசத்தை ஒரே நாளில் விட்டதில்லை. முதலில் ஒரு சீசனுக்கு ஞாயிறு போகும். அப்புறம் ராத்திரி குடும்ப ஜெபம். பிறகு பிள்ளைகளின் ஓய்வுநாள் பள்ளி. விதைக்கிறவன் உவமையில் முள்ளுக்குள் விழுந்த விதையை வெயிலோ பறவையோ ஒன்றும் செய்யவில்லை. உலகக் கவலைதான் அதை நெருக்கிப்போட்டது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது.

செல்லூர் தறி:
ஐயா, உங்கள் மேல் மரியாதை வைத்தே மறுக்கிறேன்.

மன்னாவைச் சொன்னீர்கள், பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ஆறாம் நாள் இரட்டிப்பாகக் கிடைத்தது, அது மட்டும் மறுநாள் வரை கெடாமல் இருந்தது. அதாவது ஓய்ந்திரு என்று சொன்னவர் ஓய்ந்திருக்க வழியும் செய்து கொடுத்தார். அக்கா தோட்டத்தில் சனிக்கிழமை இரட்டிப்பாக மொட்டு விடுகிறதா? மல்லிக்கு அந்த அற்புதம் நடக்கவில்லை. நடக்காதபோது சட்டத்தை மட்டும் அக்கா தலையில் வைப்பது எப்படி நியாயம்?

நானும் விசுவாசிதான். தறிச் சத்தத்துக்குள் பிறந்தவன். எங்கள் அப்பா கூலிக்கு நெய்தார். பாவு முடியும் வரை எழுந்திருக்க மாட்டார். அவரைப் பார்த்து "கவலைப்படாதே" என்று பிரசங்கம் செய்தவர்கள் எல்லாருக்கும் மாதச் சம்பளம் இருந்தது. உடுக்க இல்லாமல், சாப்பிட இல்லாமல் நிற்கிற சகோதரியிடம் "சமாதானத்தோடே போங்கள்" என்று சொல்லி அனுப்பினால் பிரயோஜனமென்ன என்று யாக்கோபு கேட்கிறாரே. அக்காவின் செவ்வாய்க்கிழமைத் தவணையைப் பற்றிச் சபையில் ஒருவராவது விசாரித்தார்களா?

இன்னொன்று. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 321-ல் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாகச் சட்டம் போட்டபோது, பட்டணத்தில் இருப்பவர்களைத்தான் ஓயச் சொன்னான். வயல் வேலை செய்கிறவர்களுக்கு விலக்குக் கொடுத்தான். விதைப்புக்கும் திராட்சை நடவுக்கும் ஏற்ற நாள் பல சமயம் அதுவாகவே அமைந்துவிடும் என்பது அவன் சொன்ன காரணம். ஒரு ராஜாவுக்குப் புரிந்தது நமக்குப் புரிய வேண்டாமா?

பசுமலை ஆசிரியர்:
தம்பி, நான் கான்ஸ்டன்டைன் பெயரில் ஞானஸ்நானம் பெறவில்லை. ராஜா கொடுத்த விலக்கு வேறு, ஆண்டவர் கேட்பது வேறு. ஆண்டவரே ஒரு விலக்கு சொல்லியிருக்கிறார்: எருது துரவில், அதாவது கிணற்றில், விழுந்தால் ஓய்வுநாளிலும் தூக்கிவிடு. அதை முழுமனதோடு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாரா வாரம் எருது துரவில் விழுந்தால், துரவுக்கு ஒரு சுவர் கட்ட வேண்டாமா?

ஓய்வூதியம் வாங்குகிறவன் பேசுகிறான் என்று நினைக்கிறீர்கள். நான் ஓய்வூதியத்தில் பிறக்கவில்லை. எங்கள் அம்மா உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து மண்சட்டியில் போடுவார்கள். பிடி அரிசிக் காணிக்கை. நாங்கள் ஆறு பிள்ளைகள். கஞ்சி போதாத ராத்திரிகள் எனக்கு நினைவிருக்கிறது. அந்த ராத்திரிகளிலும் அந்தப் பிடி முதலில் போய்விடும். மிஞ்சினால் கொடுப்போம் என்று அம்மா இருந்திருந்தால் எங்கள் வீட்டில் ஒரு நாளும் மிஞ்சியிருக்காது. நேரமும் அப்படித்தான் என்று நம்புகிறேன்.

கீழவாசல் ஜெபமாலை:
நான் கத்தோலிக்கச் சபை. நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்களுக்குச் சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கெடுத்தாலே ஞாயிற்றுக் கடமை நிறைவேறிவிடும். 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 1248-ஆவது சட்டம் அது. எங்கள் தெருவில் பஸ் ஓட்டுகிறவர்கள், ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கிறவர்கள் எல்லாம் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். உங்கள் சபையில் சனிக்கிழமை சாயங்காலம் ஓர் ஆராதனை வைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்களேன்.

அப்புறம், என் அத்தை பூக்கட்டித்தான் மூன்று பிள்ளைகளை வளர்த்தார்கள். ஒரு கண்ணி கட்டி முடித்தால் ஓர் அருள் நிறைந்த மரியே. பத்துக் கண்ணிக்கு ஒரு பரலோக மந்திரம். கையில் நார் இருக்கும், வாயில் ஜெபம் இருக்கும். அதை ஆண்டவர் கேட்கவில்லை என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

பசுமலை ஆசிரியர்:
கேட்டிருப்பார் அம்மா. ஆனால் மார்த்தாளும் ஆண்டவருக்காகத்தான் அடுப்படியில் நின்றாள். அவளிடம்தானே "அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்றார்.

செல்லூர் தறி:
மார்த்தாளை அந்த ஓர் இடத்தோடு விட்டுவிடுகிறோம். யோவான் 11-ல் சகோதரன் லாசரு செத்து நாலாம் நாள், "நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து" என்று அறிக்கை செய்தது யார்? மார்த்தாள்தான். அடுத்த அதிகாரத்தில் மறுபடியும் விருந்து, மறுபடியும் அவள்தான் பணிவிடை செய்கிறாள். அங்கே அவளை யாரும் கண்டிக்கவில்லை. அவள் அடுப்பை விட்டுவிட்டதாக எங்கும் எழுதியில்லை.

வலையங்குளம் மல்லி:
இரண்டு பேர் எழுதியதையும் செடிக்குள் நின்றே வாசித்தேன். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எனக்கு நேரம் மட்டும் பிரச்சினை இல்லை. கிறிஸ்துமஸ் அன்று எப்படியோ ஆராதனைக்குப் போய்விட்டேன். பிரசங்கம் முழுக்க என் மனசு கமிஷன் கடையில் இருந்தது. இன்றைக்கு என்ன விலை போயிருக்கும், எடை சரியாகப் போட்டிருப்பார்களா, முன்பணத்துக்கு எவ்வளவு பிடித்திருப்பார்கள் என்று ஒரே கணக்கு. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று எல்லாரும் சேர்ந்து சொன்னபோதுதான் திடுக்கென்று திரும்பி வந்தேன். அந்த ஒரு வரியை மட்டும் நான் உண்மையாகவே ஜெபித்தேன் என்று நினைக்கிறேன்.

செல்லூர் தம்பி என் பக்கம் பேசுவது ஆறுதலாக இருக்கிறது. ஆனால் ஆசிரியர் ஐயா சொன்ன வரிசை எங்கள் வீட்டில் ஆரம்பித்துவிட்டது. குடும்ப ஜெபம் நின்று மூன்று வாரம் ஆகிறது. இரண்டு மணிக்கு எழ வேண்டுமே என்று எட்டரைக்கே படுத்துவிடுகிறோம். நேற்று சின்னவள், "இன்னைக்கும் ஜெபம் இல்லையாம்மா?" என்று கேட்டாள். அதிலிருந்து தூக்கமில்லை.

செல்லூர் தறி:
அக்கா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. நான் வாதத்தில் ஜெயிக்கப் பார்த்தேன். உங்களுக்கு வேண்டியது அது இல்லை.

ஆனாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சுமார் 112-ல் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேரரசன் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினான். இவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் பாடுகிறார்கள், பிறகு கலைந்துபோய், மறுபடியும் சாப்பாட்டுக்குக் கூடுகிறார்கள் என்று. அப்போது ஞாயிறு விடுமுறை இல்லை. அடிமைகளும் கூலிக்காரர்களும் எஜமான் எழுமுன்னே வந்து பாடிவிட்டு வேலைக்குப் போயிருக்க வேண்டும். அப்படி வேலை செய்கிறவர்களின் நேரத்துக்குக் கூடி வளர்ந்த சபை, இன்று ஏன் ஞாயிறு காலை எட்டரை மணியை விட்டு அசைய மாட்டேன் என்கிறது? நேரத்தை மாற்ற வேண்டியது சபை. அதில் நான் மாறவில்லை.

பசுமலை ஆசிரியர்:
தம்பி, அந்தக் கடிதத்தை எனக்கும் சேர்த்துத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். அவர்கள் தூக்கத்தை விட்டுவிட்டு வந்தார்கள். அவர்களுக்கும் ஏதோ ஒன்று செலவானது. சபை நேரத்தை மாற்றட்டும், நானும் கேட்கிறேன். ஆனால் மாற்றும் வரை?

அம்மா, தோட்டத்தில் பறிப்பு எத்தனை மணிக்கு முடியும்?

வலையங்குளம் மல்லி:
ஆறரை. வீட்டுக்காரர் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார். நான் கல்யாண வீட்டு ஆர்டருக்குப் பூக்கட்ட உட்காருவேன், மத்தியானம் வரை. நானூறு ரூபாய் தேறும்.

பசுமலை ஆசிரியர்:
அப்படியென்றால் மொட்டு உங்களைத் தடுக்கவில்லை. அந்த நானூறு ரூபாய்தான் தடுக்கிறது. கடுமையாகச் சொல்லவில்லை, அதன் கனம் எனக்குத் தெரியும். எல்லா ஞாயிறும் வேண்டாம். மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து நாள், அன்று மட்டும் அந்த ஆர்டரை விடுங்கள்.

செல்லூர் தறி:
நானூறு ரூபாய் சின்னவளின் ஒரு மாத வேன் கட்டணமாக இருக்கலாம் ஐயா. கொடுப்பது எப்போதும் இல்லாதவர்களாகவே ஏன் இருக்க வேண்டும்?

வலையங்குளம் மல்லி:
வேன் இல்லை தம்பி, டியூஷன்.

நேற்று ராத்திரி வீட்டுக்காரரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதல் ஞாயிறு ஆர்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யாரும் வற்புறுத்தியதால் இல்லை, திருவிருந்து எடுத்து ரொம்ப நாளாகிறது, எனக்கே ஏக்கமாக இருக்கிறது. மற்ற ஞாயிறுகளில் பூக்கட்டத்தான் போகிறேன். அதற்காக இனி யார் முன்னாலும் தலைகுனிய மாட்டேன். கீழவாசல் அக்கா சொன்னபடி சனிக்கிழமை சாயங்காலம் பற்றிப் போதகரிடம் கேட்டேன். எங்கள் தெருவில் பூ வைத்திருக்கிற குடும்பங்கள் நாலு சேர்ந்தால் அவரே ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னார். மூன்று குடும்பம் சரி என்றுவிட்டது.

குடும்ப ஜெபத்தை நேற்றே ஆரம்பித்துவிட்டோம். ஒரு சங்கீதம், பரமண்டல ஜெபம், அவ்வளவுதான். பாதியில் சின்னவள் மடியில் தூங்கிவிட்டாள்.

பசுமலை ஆசிரியர்:
வீட்டு ஜெபம் நல்லது, ஆனால் அது சபை கூடிவருதலுக்கு ஈடாகாது. இதை நான் விட மாட்டேன். நாலாவது குடும்பம் கிடைக்காவிட்டால் என்னையும் என் மனைவியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ஏழு மணிக்கு வருகிறோம். எந்த பஸ் ஏற வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.