பூவைப் பார்த்ததும் இறங்கிவிட்டோம், காய்க்காக மறுபடி ஏறினோம்

சரிவுநடை:

புதிய செடியைக் கண்டவர்கள் சொல்லும் கதைகளில் ஒரு நொடி வரும். குனிந்து பார்த்தார், புல்லரித்தது, இது யாரும் அறியாதது என்று அப்போதே தெரிந்துவிட்டது. எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சரளைக்கல் சரிவில் கால் வழுக்கி உட்கார்ந்த இடத்தில் கைக்குப் பக்கத்தில் அது இருந்தது. எழுந்திருக்கச் சோம்பலாக இருந்ததால் பார்த்தேன், அவ்வளவுதான்.

அரை விரல் உயரம். கல்லிடுக்கில் மெத்தை போல் நெருங்கிய இலைகள், மேலே மஞ்சள் பூக்கள். சிலுவை போல் நான்கு இதழ். கடுகுக் குடும்பம் என்று சொல்ல அதுவே போதும். எந்தக் கடுகு என்பதில்தான் சிக்கல். இந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 4,000 இனங்கள். மலைகளில் அதிகம் தென்படும் டிராபா என்ற பேரினத்தில் மட்டும் 400-க்குப் பக்கம். பூவை வைத்து இவற்றைப் பிரிக்கப் பார்ப்பது, சீருடை போட்ட பிள்ளைகளை முதுகுப் பக்கம் நின்று அடையாளம் சொல்வது போல.

என்னோடு வந்த அக்கா தாவரவியல் படித்தவர். நான் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். அவர் இரண்டு நிமிடம் தேடிவிட்டு, “அழகு கிடக்கட்டும், காய் இருக்கா?” என்றார். இல்லை. பனி உருகி அதிக நாள் ஆகவில்லை, எல்லாம் பூவும் மொட்டும்தான். இறங்கிவிட்டோம். ஏழு வாரம் கழித்து, காய்க்காக மட்டும், அதே சரிவில் மறுபடி ஏறினோம். அந்த முறை மழை. முழங்கால் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன்.

கடுகுக் குடும்பத்தில் ஆளைக் காட்டிக்கொடுப்பது காய்தான். நீளமா குட்டையா, தட்டையா உப்பியதா, நேராக நிற்கிறதா முறுக்கிக்கொள்கிறதா, நுனியில் சூல்தண்டு (மகரந்தம் வாங்கும் முனையைத் தாங்கிய காம்பு) எவ்வளவு மிச்சம் இருக்கிறது, விதை எத்தனை. முற்றியதும் இரண்டு ஓடும் கழன்று விழுந்து, நடுவில் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு சவ்வு மட்டும் நிற்கும். எங்கள் செடியின் காய் அரைச் சுற்று முறுக்கியிருந்தது. அதற்கு மிக நெருங்கியதாக நாங்கள் நினைத்திருந்த இனத்துக்குக் காய் சப்பை, முறுக்கே கிடையாது.

அப்புறம் ரோமம். டிராபா இலையைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பார்க்காதவர்கள் ஒருமுறை பாருங்கள். சிலது ஒற்றை முடி, சிலது கவட்டை, சிலது நட்சத்திரம், சிலது கிளைவிட்ட சின்ன மரம். எங்கள் செடியில் இலை அடிப்புறம் முழுக்கக் காம்புள்ள நட்சத்திரங்கள், ஓரத்தில் மட்டும் ஒற்றை முடிகள். சந்தேகப்பட்ட இனத்தில் எல்லாமே கவட்டை. அக்கா முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான், அதுவும் மேசை விளக்கின் கீழே. ஆனால் உடனே, “ஒரே ஒரு செடியின் கோளாறாகவும் இருக்கலாம்” என்று சொல்லி, இருந்த மாதிரிகளின் இலைகளையெல்லாம் திருப்பிப் பார்க்க வைத்தார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. டிராபாவில் குரோமோசோம் தொகுதிகள் பெருகிய இனங்கள் ஏராளம். மகரந்தம் சேராமலே விதை வைப்பவையும் உண்டு. சின்ன வேறுபாட்டை நம்பிப் பெயர் வைத்தால் அடுத்தவர் வந்து அழித்துவிடுவார்.

இடத்தைக் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். மொத்தமே சில நூறு செடிதான், வேரோடு தோண்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒட்டுத்தாள்:

ஹெர்பேரியத்தில், அதாவது உலர்செடிக் காப்பகத்தில், செடிகளைத் தாளில் தைத்து ஒட்டுவது என் வேலை. மலையேறியதே இல்லை. ஆனாலும் ஒரு புதிய கடுகுச் செடி என் கையாலும் வெளிவந்தது. ‘டிராபா, இனம் தெரியவில்லை’ என்று எழுதி யாரோ என் அப்பா காலத்தில் வைத்த உறை. பழைய பசை விட்டுப்போனதால் மறுபடி ஒட்ட எடுத்தேன், பக்கத்து மேசை ஆய்வாளர் எட்டிப் பார்த்தார். மீதியை அவர் பார்த்துக்கொண்டார். 2010-இல் வந்த ஓர் ஆய்வு, பூக்கும் தாவரங்களில் புதிய இனமாக அறிவிக்கப்பட்டவற்றில் 16 சதவீதம் மட்டுமே சேகரித்த ஐந்து ஆண்டுக்குள் பெயர் பெற்றன என்றது. மற்றவை உறைக்குள் காத்துக்கிடந்தவை.

மலைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூ நிறத்தைச் சீட்டில் எழுதுங்கள். மஞ்சள் டிராபா காய்ந்தால் பல நேரம் வெளுத்துவிடும். பிறகு நாங்கள் வெள்ளைப் பூ என்று நினைத்து வேறு கட்டுக்குள் வைத்துவிடுவோம்.

வரைகோல்:

புதிய இனத்துக்குக் கோட்டோவியம் போட்டுத் தருபவன் நான். முதல் படத்திலேயே அசிங்கப்பட்டேன். மகரந்தத்தாள் ஆறையும் ஒரே உயரமாக வரைந்திருந்தேன். கடுகுக் குடும்பத்தில் நான்கு நெட்டை, இரண்டு குட்டை. பதினெட்டாம் நூற்றாண்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் தம் வகைப்பாட்டில் இந்தச் செடிகளுக்கென்று தனி வகுப்பு வைத்ததே அதனால்தான். ஒரு பூவைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். இப்போதெல்லாம் எண்ணாமல் பேனாவைத் தொடுவதில்லை.

லடாக்கின் உச்சிச் சரிவுகளில் கண்டு 2008-இல் டிராபா அல்ஷெபாசி என்று பெயரிட்ட செடியின் பெயர்க்கதை எனக்குப் பிடிக்கும். வாழ்நாளெல்லாம் இந்தக் குடும்பத்தைப் படித்த இஹ்சான் அல்-ஷெபாஸின் பெயர் அது. பெயர் வைத்த இருவரில் ஒருவரான லியோஷ் கிளிமெஷ் அதே லடாக்கில் 2009-இல் காணாமல் போனார். அவர் பெயரிலும் அங்கே ஒரு கடுகுக் குடும்பச் செடி இருக்கிறது, லடாகியெல்லா கிளிமெசி. அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன்.

சரிவுநடை:

நிறம் எழுதாதது எங்கள் முதல் சீட்டில் நடந்ததுதான், நன்றி. புதிய இனத்தை அறிவிக்கும் விவரிப்பை எந்த மொழியில் எழுதினீர்கள் என்று ஒருவர் தனியாகக் கேட்டார். 2012 முதல் லத்தீனோ ஆங்கிலமோ போதும், அக்காவுக்கு லத்தீன் பயம் இல்லாமல் போனது. பெயர் மட்டும் லத்தீன் வடிவில்தான். பெயருக்கு ஆதாரமான ஒரே தாளை, அதாவது ஹோலோடைப்பை, எந்த ஹெர்பேரியத்தில் வைத்தோம் என்றும் எழுதியாக வேண்டும். எங்கள் ஹோலோடைப்பில் நான் எடுத்த பூ இல்லை, மழையில் எடுத்த காய்ச்செடிதான் இருக்கிறது.

ஒட்டுத்தாள், ஒரு சந்தேகம். மெத்தைச் செடிகளுக்கு நடுப்பகுதி காயவே மாட்டேன் என்கிறது. தினமும் செய்தித்தாள் மாற்றியும் இரண்டு மாதிரி பூஞ்சணம் பிடித்தது. குறுக்கே இரண்டாக வெட்டி அழுத்தலாமா?