குடி, போதைத் தூளை விட்டவங்க சேர்ந்து தமிழ் ஆலோசகர் கேட்கிறது எப்படி? (கொழும்பு 13)

ஜிந்துப்பிட்டிச் சந்தி:
கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, புளூமெண்டல் பக்கம் குடியையும் தூளையும் விட்டு வருசம் கடந்தவங்க ஒன்பது பேர், அவங்க வீட்டுக்காரர் மூணு பேர். கேட்கப்போறது ஒண்ணுதான்: அரச சிகிச்சை நிலையத்தில் தமிழ் பேசும் ஆலோசகரும் தமிழ்ப் படிவமும். இதுக்குச் சங்கமாகப் பதியணுமா? முதல் கடிதம் யாருக்கு? நாலு பேர் பன்னிரண்டு படிக் கூட்டத்துக்கு (குடி, போதையை விட்டவங்க பெயர் வெளியிடாமல் கூடி ஒருத்தருக்கொருத்தர் துணை நிற்கிற கூட்டம்) போறவங்க, அவங்க வெளியில் பேசலாமா? ஒருத்தருக்கு இன்னும் வழக்கு நடக்குது. கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால பதாகையோட நிற்கலாம் என்றும் சிலர் சொல்றாங்க.

கடதாசிக்கட்டு:
பதாகையைச் சுருட்டி வைங்க. கையில் எண்ணிக்கை இல்லாமல் போய் நின்றால், "அங்க தமிழ் தெரிஞ்சவங்க இருக்காங்களே" என்று ஒரு வாக்கியத்தில் அனுப்பிவிடுவாங்க. எதிர்த்துச் சொல்ல உங்களிடம் ஒண்ணும் இருக்காது.

முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2016இன் 12ஆம் இலக்கம்). போக வேண்டிய இடம் ராஜகிரியவில் இருக்கிற தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை. தலங்கம சிகிச்சை நிலையம் அவங்களுடையது. உறையில் "தகவல் உத்தியோகத்தர்" என்று எழுதி, பதிவுத் தபாலில் போடுங்க. நேரில் கொடுத்தால் கிடைத்ததற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் படி இறங்காதீங்க.

கேள்வி எழுதுறதில்தான் பாதிப் பேர் சறுக்குறாங்க. "தமிழருக்கு ஏன் வசதி இல்லை?" என்பது கேள்வி இல்லை, கோபம். சட்டம் தருவது அவங்க கையில் ஏற்கெனவே இருக்கிற பதிவை மட்டும்தான். இப்படிக் கேளுங்க:

– 2024 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை தலங்கமவில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்கள் எத்தனை பேர்? அவர்களில் தமிழில் சிகிச்சை கேட்டவர்கள் எத்தனை பேர்?
– ஆலோசகர் பதவிக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை, தமிழில் பணியாற்றும் தகுதி உள்ளவர் எத்தனை?
– அனுமதிப் படிவத்தின் தமிழ்ப் பிரதி ஒன்று.

மூன்றே மூன்று. பதினைந்து கேட்டால் ஒன்பதுக்குப் பதில் இழுபடும், அதோட நல்ல மூன்றும் சேர்ந்து இழுபடும். "மொழி பற்றிய பதிவு எங்களிடம் இல்லை" என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம். யாருக்கு எந்த மொழி தேவை என்று குறித்துக்கொள்வதே இல்லை என்று அவங்களே கையெழுத்திட்டுத் தந்ததுதான் அது. பிறகு கொடுக்கிற மகஜரின் (கையெழுத்து மனுவின்) முதல் வரியாக அதையே போடலாம்.

தருவதா இல்லையா என்று 14 வேலை நாளில் சொல்லணும். தருவதென்றால், கட்டணம் இருந்தால் அதைக் கட்டி 14 நாளுக்குள் கிடைக்கணும். சில காரணங்களுக்காக இன்னும் 21 நாள் வரை நீட்டலாம். பதிலே வராவிட்டாலும் முறையிடலாம்: 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம், அவருக்கு மூன்று வாரம், பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம். நாட்காட்டியில் சிவப்பால் குறிங்க. நல்ல விண்ணப்பங்கள் சாகிறது இந்தப் 14 நாளைத் தவறவிட்டுத்தான்.

பதிவு? கடிதம் எழுத, தகவல் கேட்கத் தேவையே இல்லை. உறுப்பினரில் நாலில் மூன்று பங்கு இலங்கைப் பிரஜைகள் என்றால் பதியாத குழுவும் விண்ணப்பிக்கலாம். வெளியில் காசு வாங்கிச் சேவை நடத்தும்போது 1980இன் 31ஆம் இலக்கச் சட்டப்படி பதியிறதை யோசிங்க. பதிந்தால் நிர்வாகிகளின் பெயரும் முகவரியும் ஓர் அலுவலகக் கோப்பில் நிரந்தரமாகக் கிடக்கும் என்பதையும் சேர்த்து யோசிங்க.

பழைய வாங்கு:
கடதாசிக்கட்டு சொன்னதோட ஒண்ணு. சபை வேறு, புனர்வாழ்வுப் பணியகம் வேறு. கந்தகாடு, சேனபுர புனர்வாழ்வு நிலையங்கள் எல்லாம் பணியகத்தின் கீழ், 2023இன் 2ஆம் இலக்கச் சட்டம். கந்தகாடு பற்றிய கேள்வியை ராஜகிரியவுக்கு அனுப்பினால், இது எங்களுடையது இல்லை என்று ஒரு மாதம் கழித்துத் திரும்பி வரும்.

இந்தச் சட்டமூலத்தின் முதல் வரைவு போதைப்பொருளில் தங்கியிருப்பவரையும் முன்னாள் போராளிகளையும் வன்முறைத் தீவிரவாதக் குழுக்களையும் ஒரே கட்டாகக் கட்டியிருந்தது. 2022இல் உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்று சொன்ன பிறகுதான் திருத்தினாங்க. ஆகவே எழுதும்போது "புனர்வாழ்வு" என்ற சொல்லைக் கண்டபடி போடாதீங்க. நீங்க கேட்பது "சிகிச்சை". புனர்வாழ்வு என்று எழுதினால், எங்கேயாவது அடைத்து வைக்கச் சொல்லிக் கேட்கிறீங்க என்று வாசிக்கிற ஆள் எடுத்துக்கொள்ளலாம்.

வெள்ளவத்தை அக்கா:
பன்னிரண்டு படி பற்றி. அந்தக் கூட்டங்களின் பத்தாவது மரபு: வெளி விவகாரங்களில் அமைப்புக்கு அபிப்பிராயம் கிடையாது. பதினோராவது: பத்திரிகை, வானொலி, திரைப்படம் என்ற அளவில் பெயர் வெளியிடுறதில்லை. இது அமைப்பின் பெயரில் பேசுறதைத்தான் தடுக்குது, ஆளின் வாயைக் கட்டேல்லை. 2001இல் அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் கூடி, போதையிலிருந்து மீண்டவர்களின் இயக்கமாகத் திரண்டவர்களும் இந்த வழியைத்தான் பிடிச்சவை: "நான் நீண்டகாலமாக மீண்டு வாழ்கிறவன்" என்று சொல்லுறது, எந்தக் கூட்டத்தால் என்று சொல்லாமல் விடுறது. நீங்களும் அப்படியே செய்யுங்கோ. கூட்ட மண்டபம், கூட்ட வாட்ஸ்அப் குழு, உண்டியல் காசு மூன்றையும் இதுக்குத் தொடவேண்டாம். தனிக் குழு, தனி சிம்.

வழக்கு உள்ள தம்பி சட்டத்தரணியிட்டக் கேட்காமல் ஒரு வரிகூட எழுதவோ கமெராவுக்கு முன்னால் நிக்கவோ கூடாது. "நான் முந்திப் பாவிச்சனான்" என்றது மேடையில் துணிச்சல், நீதிமன்றத்தில் ஒப்புதல். அவர் உறை ஒட்டட்டும், அதுவும் வேலைதான்.

தகவல் விண்ணப்பத்தில் காரணம் சொல்லத் தேவையில்லை. அதனால் வீட்டுக்காரர் ஒருவரின் பெயரில் போடுங்கோ. கையெழுத்திடுறவர் யார், என்ன பாவிச்சவர் என்று ஒருத்தருக்கும் தெரியவேண்டிய அவசியமில்லை.

கடதாசிக்கட்டு:
அக்கா சொன்னது சரி. மகஜர் பற்றியும் சொல்லிடுறேன். ஒரு பக்கம், ஒரு கோரிக்கை. ஒவ்வொரு கையெழுத்துத் தாளின் தலையிலும் கோரிக்கை முழுதாக இருக்கணும், இல்லாவிட்டால் அந்தத் தாளைக் கழற்றி வேறு எதற்கும் ஒட்டலாம். கிராம உத்தியோகத்தர் வழியாகக் கையெழுத்து சேர்க்க வேண்டாம், அரை நாளில் வட்டாரமே வாசிச்சு முடிச்சிடும்.

தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கு. இருந்தாலும் சிங்கள மொழிபெயர்ப்பையும் இணைங்க, மேசையில் கிடக்கும் நாள் குறையும். கையெழுத்து தமிழ்ப் பிரதியில் மட்டும். இரண்டிலும் எண்கள் ஒண்ணா என்று வேறொருவர் சத்தமாக வாசிச்சுச் சரிபார்க்கட்டும். தமிழில் 3, சிங்களத்தில் 5 என்று இருந்தால் கோப்பு அங்கேயே முடிஞ்சது.

ஜிந்துப்பிட்டிச் சந்தி:
நன்றி. இரண்டு சந்தேகம். சபையின் 1927 உதவித் தொலைபேசிக்கு அழைத்துத் தமிழில் பதில் கிடைக்குதா என்று சோதிக்கலாமா? பேச நியமிச்ச ஆள் நடுவில் திரும்பக் குடிச்சிட்டால்?

பழைய வாங்கு:
சோதிக்கலாம், ஆனால் அந்த இணைப்பு நெருக்கடியில் இருக்கிறவனுக்கானது. இரண்டு வாரத்தில் ஆறு அழைப்புக்கு மேல் வேண்டாம்: காலை, மாலை, ஞாயிறு என்று பிரிச்சு. நோயாளி மாதிரி நடிக்காதீங்க. "தமிழில் பேசக்கூடியவர் இருக்கிறாரா?" என்று கேட்டு, பதிலைக் குறித்து, நன்றி சொல்லி வைங்க. திகதி, நேரம், எத்தனை மணியடிப்பில் எடுத்தாங்க, எந்த மொழியில் பதில். நாலு நிரல் போதும்.

வெள்ளவத்தை அக்கா:
இரண்டாவதுக்கு இப்பவே விதி எழுதுங்கோ, நடந்த பிறகு எழுதினால் அது ஓர் ஆளுக்கு எதிராக எழுதின விதியாகிடும். பேச எப்பவும் இரண்டு பேர், அதில் ஒருவர் வீட்டுக்காரர். தடுமாறினவர் பேசுறதை மூன்று மாதம் நிறுத்துவார், குழுவை விட்டுப் போகமாட்டார். தனியாள் ஒருவரின் முகத்தைப் போஸ்டரில் போட்டால், அவர் சறுக்கிற அன்றைக்கு அவரும் ஒளிவார், கோரிக்கையும் ஒளியும். அதனால் படம் வேண்டாம். அதிகாரியைப் பார்க்கப் போற நாளில் மூன்று பேர் போங்கோ: பேச ஒருவர், எழுத ஒருவர், பேசுறவரின் கை நடுங்கினால் கதையை எடுத்துக்கொள்ள ஒருவர். வெளியில் வந்த உடனே பஸ் ஏறாமல், பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்து என்ன சொன்னவை என்று எழுதி மூன்று பேரும் திகதி போடுங்கோ.