செல்வி வீட்டு உறவுகள் (வாட்ஸ்அப் குழு)

செல்வி: முருகேசா, தேவிக்குப் பிள்ளை பொறந்து ஆறு நாளாச்சு, பால் பத்தல. நெஞ்சுல ஏதோ அக்குபங்சர் புள்ளி இருக்காமே?

முருகேசன்: இருக்குக்கா. ரென் 17, சீனத்துல தான்ஜோங். நெஞ்செலும்பு நடுக்கோட்டுல, நாலாவது விலா இடைவெளி மட்டம். ஆம்பளைக்கு ரெண்டு காம்புக்கும் நடுவுல. பால் கொடுக்கிறவளுக்கு அந்தக் கணக்கு ஆகாது, மார் இறங்கியிருக்கும். கழுத்துக்குழியிலேர்ந்து விரலைக் கீழே இழுத்தா ஒரு மேடு தட்டும். அதுக்கு நேரா ரெண்டாவது விலா. அதுக்குக் கீழ இருக்கிற பள்ளம் ரெண்டு, அப்புறம் மூணு, நாலு.

கார்த்தி: மாமா ஆரம்பிச்சாச்சு 😀

தேவி: எவ்ளோ நேரம் அழுத்தணும் மாமா

முருகேசன்: அழுத்தாதே, எலும்பு மேல வெறும் தோல்தான், நோவும். ரெண்டு விரலால வட்டமா 2 நிமிஷம். அப்புறம் ரெண்டு மார்ப்பக்கமும் நீவு. பால் கொடுக்கறதுக்கு முன்னாடி. கூடவே சுண்டுவிரல் நகத்தோட வெளி மூலை, அது சிறுகுடல் 1ங்கிற புள்ளி. இருமல், இளைப்பு, விக்கல், படபடப்புக்கும் தான்ஜோங்தான். 'சி'ங்கிற உயிர்ச்சக்தி கூடுற இடம்னு வச்சிருக்காங்க.

பானு: ஊசி வேணாம்

முருகேசன்: நான் ஊசின்னே சொல்லலையேம்மா. போட்டாலும் தோலைக் கிள்ளித் தூக்கி, ஊசியைப் படுக்க வச்சு, அரை சுன், அதாவது அரைக் கட்டைவிரல் அகலம். பால் சுரக்க மார்ப்பக்கம், இளைப்புக்குக் கீழ்நோக்கி.

பானு: சில பேருக்கு அங்கதான் எலும்புல பிறவி ஓட்டை. நூத்துல சுமார் அஞ்சு பேருக்கு. கைக்குத் தெரியாது. நேரா குத்தினா இதயம். 1995ல வந்த நார்வே கேஸ்ல இதயத்தைச் சுத்தி ரத்தம் தேங்கி ஒரு பொண்ணு செத்தே போனா.

முருகேசன்: அதான் படுக்க வச்சுன்னேன்

செல்வி: அத்தை பால்சுறா புட்டு செய்யச் சொல்றாங்க. மீன் யாரு வாங்குறது?

பானு: தேவி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை கொடுக்குற

தேவி: 6. ராத்திரி அம்மா புட்டிப்பால்

செல்வி: பிள்ளை அழுதா பார்த்துக்கிட்டு இருக்கவா?

பானு: பெரியம்மா, 8லேர்ந்து 12 தடவை வேணும். ராத்திரி விட்டா சுரப்பே குறையும். காம்பு மட்டும் இல்ல, கருவட்டமும் வாய்க்குள்ள போகணும். பிள்ளை ஒரு நாளைக்கு 6 தடவை மூத்திரம் போகுதா பாரு. இல்லேன்னா எடை போட்டு டாக்டர்ட்ட காட்டு. எண்ணி எனக்கும் சொல்லு.

ராமு: எனக்கும் ராத்திரி நெஞ்சு அடைக்குது. அங்கேயே தேய்க்கலாமா

பானு: அப்பா தேய்க்காதீங்க. இப்ப இருக்கா? வேர்க்குதா?

ராமு: இப்ப இல்ல. நேத்து பரோட்டா

செல்வி: எத்தனை தம்பி

ராமு: 4

பானு: காலைல ஈசிஜி. மறுபடி அடைச்சா 108. போனை எடுங்க முதல்ல

முருகேசன்: பானு சொல்றது சரி. நெஞ்சடைப்புக்குப் புள்ளி பார்க்கக் கூடாது.

செல்வி: கார்த்தி, பதினாறாம் நாள் தொட்டில் நீதான். உங்க மாமா தேவிக்குக் கொண்டாந்ததுக்கு இன்னும் சங்கிலி வரல

முருகேசன்: அக்கா, 26 வருஷம் ஆச்சு

கார்த்தி: சங்கிலி எத்தனை அடிம்மா?

ராமு: மீன் நான் வாங்கியாரேன்

பானு: அப்பா போன்